கார்சினோ என்றால் நண்டு

வைரக்கண்ணுவின் மகள் எழில்மொழிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த வார்த்தையைக் கண்டாலும் அதை இரண்டாகப் பிளந்து பார்க்காமல் விடமாட்டாள். கும்பகோணத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் டீச்சர். "முன்னாடி ஒட்டியிருக்கறதப் புடிச்சிட்டீங்கன்னா பாதிப் பாடம் முடிஞ்சிது" என்று பிள்ளைகளிடம் சொல்லுவாள். கார்டியோ என்றால் இதயம், நெஃப்ரோ என்றால் சிறுநீரகம், ஹெப்பட்டோ என்றால் ஈரல் என்று கரும்பலகை கொள்ளாமல் எழுதிப் போடுவாள். பிள்ளைகளுக்கு அதனால் நல்ல மார்க்கு கிடைத்தது, மறுப்பதற்கில்லை. பெற்றவர்களுக்குக் கிடைத்ததுதான் வேறு.

அவள் அம்மா அம்சத்துக்கு இடது பக்கம் ஒரு கட்டி. குறுவைக்கு நாற்றுப் பறித்துவிட்டு வந்து குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டிருக்கிறது. நடவு முடியட்டும் என்று வாயைத் திறக்காமல் இருந்துவிட்டாள். நடவு முடிந்த பிறகு, ஏதோ செருப்பு அறுந்துபோனதைச் சொல்வது போல வைரக்கண்ணுவிடம் சொன்னாள். அவர் பதறிப்போய்த் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார். ஊசியால் குத்திச் சதை எடுத்தார்கள். ஒரு சனிக்கிழமை முடிவு வந்தது.

முடிவைச் சொன்னவர் டாக்டர் நிலோஃபர். சின்ன வயசு, நிதானமான பேச்சு. அம்சத்தை உள்ளறைக்கு அழைத்துப்போய் வெகுநேரம் பேசினார். பெண்கள் பக்கம் போகக் கூச்சப்பட்டுக்கொண்டு வைரக்கண்ணு வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். டாக்டர் வெளியே வந்து அவரிடம் சுருக்கமாகச் சொன்னார். "நல்ல கட்டி இல்லைங்க. ஆனா ஆரம்பத்துலயே வந்துட்டீங்க. எடுத்துட்டா பொழச்சிக்குவாங்க. தள்ளிப் போட்டா என் கையில இல்ல. வர்ற வியாழன் விட்டு அடுத்த வியாழக்கிழமை வச்சிருக்கேன்." வைரக்கண்ணு தலையை ஆட்டினார். எடுத்துவிடலாம், பிழைத்துக்கொள்வாள், வியாழக்கிழமை. இந்த மூன்றும் அவருக்குத் தெளிவாகப் புரிந்தன. அந்த வாரத்தில் அவருக்குத் தெளிவாகப் புரிந்தது அவ்வளவுதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எழில்மொழி வந்தாள். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி, "கார்சினோமா" என்று வாய்விட்டுப் படித்தாள்.

"அப்படின்னா என்ன பாப்பா?" என்று அம்சம் கேட்டாள்.

எழில்மொழி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். புற்றுநோய் என்று சொல்லிவிட வேண்டியதுதான். அந்தத் தமிழ் வார்த்தையை அம்மாவிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அதனால் கிரேக்கத்துக்குப் போனாள்.

"கார்சினோன்னா நண்டும்மா. கிரேக்க பாஷையில கார்க்கினோஸ்னு சொல்லுவாங்க. ரெண்டாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னாடி அங்க இருந்த வைத்தியருங்க இந்த மாதிரிக் கட்டியப் பாத்திருக்காங்க. நடுவுல ஓடு மாதிரிக் கெட்டியா இருக்கும், சுத்தி நரம்பெல்லாம் பொடச்சிக்கிட்டுக் கால் காலா ஓடும். பாத்தா நண்டு பதுங்கிக் கெடக்கற மாதிரி இருந்துச்சாம். அதனால அந்தப் பேரு வச்சிட்டாங்க."

"நண்டா?" என்றாள் அம்சம். சனிக்கிழமையிலிருந்து இறுகிக் கிடந்த முகம் லேசாக இளகிச் சிரித்தது. "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன. எத்தன நண்டு புடிச்சிருப்பேன் நானு."

அது உண்மை. கல்யாணமாகி வந்த புதிதில் ஊரே அதைப் பற்றிப் பேசும். நடவுக் கூலிக்குப் போகிற இடத்தில் மற்றவர்கள் வெற்றிலை போடுகிற நேரத்துக்குள், வரப்போரம் குனிந்து முந்தானை நிறைய நண்டு பிடித்துவிடுவாள். வளையின் வாயைப் பார்த்தே உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லுவாள் என்று ஒரு புரளிகூட உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் கொஞ்சம் சிரித்தார்கள். அம்மாவின் பயத்தைத் தெளிய வைத்துவிட்டோம் என்ற திருப்தியோடு எழில்மொழி சாயங்காலம் பஸ் ஏறினாள். படித்தவர்களுக்கு வருகிற திருப்திக்கு ஆயுசு குறைவு.

திங்கட்கிழமை காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த வைரக்கண்ணுவிடம் அம்சம் வந்து நின்றாள்.

"நான் தஞ்சாவூருக்கு வரலங்க."

"எதுக்கு வரல?"

"ஆபரேசனுக்கு. நண்டுன்னுதானே சொன்னா உங்க பொண்ணு?"

"ஆமா. அதுக்கு?"

"வளையில குச்சிய விட்டுக் கிண்டினா நண்டு என்னங்க பண்ணும்?"

வைரக்கண்ணு வாளியைக் கீழே வைத்தார். "உள்ள போவும்" என்றார்.

"கால மட்டும் புடிச்சி இழுத்தா?"

"கால ஒடிச்சிப் போட்டுட்டு அது பாட்டுக்குப் போயிடும்."

"அந்தக் கால் மறுபடி மொளைக்கும். அப்படித்தானே? அப்ப கத்திய விட்டா மட்டும் அது சும்மா இருக்குமா. ஊசியால குத்தினதுலயே முழிச்சிருக்கும். இருக்கற எடத்துல கெடந்துட்டுப் போவட்டும், விடுங்க."

இதெல்லாம் பைத்தியக்காரப் பேச்சு என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட வேறு எந்தப் புருஷனாலும் முடிந்திருக்கும். வைரக்கண்ணுவால் முடியவில்லை. அவருக்கு நண்டைத் தெரியும். பண்ணையில் கூலியாக வரப்பு வெட்டிய காலம் தொட்டு, அதே மண்ணில் சொந்தமாக மூன்று மா நிலம் வாங்கி நெல் போடுகிற இந்தக் காலம் வரைக்கும் நண்டோடுதான் அவருக்குத் தகராறு. அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. ஆனால் டாக்டர் சொன்னதிலும் தப்பிருக்க முடியாது. இரண்டும் சரியாக இருந்தால் எங்கேயோ எதுவோ சரியில்லை. அது எங்கே என்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை. தலைக்குள் யாரோ தயிர் கடைந்துகொண்டிருந்தார்கள்.

மகளுக்குப் போன் போட்டார். அவள் புதன்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அம்மா, அது வெறும் பேரும்மா. நெசமாவே நண்டு கெடையாது."

"வெறும் பேரா? பேருக்குள்ளதான் எல்லாம் இருக்குன்னு பள்ளிக்கூடத்துல நீதானே பாடம் நடத்தற. இப்ப எனக்குன்னு வந்ததும் வெறும் பேராயிடுச்சா?"

மகள் பேசுகிறபோது வைரக்கண்ணு அவள் பக்கம் தலையாட்டினார், மனைவி பேசுகிறபோது இந்தப் பக்கம் ஆட்டினார். தலை ஆடியதே தவிர உள்ளே ஒன்றும் தெளியவில்லை.

"சரி, அந்தப் பேரு வச்ச வைத்தியர் அறுத்தாரா?" என்று அம்சம் கேட்டாள்.

இங்கேயாவது ஒரு சின்னப் பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் அறுத்தார், எல்லோரும் எழுந்து நடந்து போனார்கள் என்று சொல்லியிருந்தால் யார் கிரேக்கத்துக்குப் போய் விசாரிக்கப்போகிறார்கள்? டீச்சர் உத்தியோகம் அவளை விடவில்லை. "இல்லம்மா" என்றாள். "உள்ளுக்குள்ள மறைஞ்சிருக்கற கட்டியத் தொடாம விடறது நல்லது, தொட்டா சீக்கிரம் போயிடுவாங்கன்னுதான் அந்தக் காலத்துல நெனச்சாங்க. ஆனா அப்ப மயக்க மருந்து கெடையாது, ரத்தம் ஏத்தற வசதி கெடையாது, ஒண்ணுமே தெரியாது."

"பேரு வைக்கத் தெரிஞ்சிருக்கு. தொடக் கூடாதுன்னும் தெரிஞ்சிருக்கு. இன்னும் என்ன தெரியணும்?" அம்சம் எழுந்துகொண்டாள். "நம்ம பாஷையிலயும் புத்துன்னுதானே சொல்றோம். நீ வாய விட்டுச் சொல்லலன்னா எனக்குத் தெரியாதா? வளையில கைய விட்டா நண்டு, புத்துல கைய விட்டா பாம்பு. ரெண்டு ஊர்க்காரனும் கைய விடாதேன்னுதான் சொல்லியிருக்கான்."

எழில்மொழி அழுதுகொண்டே கும்பகோணத்துக்குத் திரும்பினாள். தன் வாயால் வந்த வினை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எப்படி அதைத் திரும்ப எடுத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

வைரக்கண்ணு விசாரிக்கக் கிளம்பினார். குழம்பிய மனுஷன் வீட்டில் இருக்கமாட்டான், நாலு பேரைக் கேட்டு இன்னும் நாலு மடங்கு குழம்பிக்கொண்டுதான் வருவான். டீக்கடையில் தியாகேசன் இருந்தார். பஞ்சாங்கம் பார்ப்பதில் கொஞ்சம் கெட்டிக்காரர் என்று தன்னைப் பற்றி அவருக்கே ஒரு எண்ணம். "இங்கிலீஷ்ல கேன்சர்னா கடக ராசி. கடகம்னாலும் நண்டுதான். தங்கச்சிக்குக் கடக ராசியா?" என்று கேட்டார். இல்லை, விருச்சிகம் என்றார் வைரக்கண்ணு. தியாகேசன் முகம் சுருங்கிப்போனது. "அது தேளாச்சே" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். இதற்கு என்ன அர்த்தம் என்று வைரக்கண்ணு ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டார்.

அய்யம்பேட்டையில் அப்துல் ஜலீல் மருந்துக் கடை வைத்திருந்தார். குவைத்தில் டிரைவராகப் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர், உலகம் தெரிந்தவர். அவரிடம் போனால் ஒரு தெளிவு கிடைக்கும் என்று வைரக்கண்ணு நம்பினார்.

"பாய், நண்டுன்னு பேரு வச்சதெல்லாம் நெசமா, இல்ல எம்பொண்ணு சும்மா சொல்றாளா?"

"நெசந்தாண்ணே. அரபியிலயும் அதுக்கு சரத்தான்னுதான் பேரு. சரத்தான்னா நண்டு. எங்க மொதலாளி அம்மாவ அந்த ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிட்டுப் போவேன்."

கிரேக்கத்துக்காரன் சொல்கிறான், அரபிக்காரன் சொல்கிறான், கடக ராசிக்காரனும் சொல்கிறான். உலகம் முழுக்கக் கூடிப் பேசி வைத்துக்கொண்டு பொய் சொல்லுமா?

"அந்தம்மாவ அறுத்தாங்களா பாய்?"

"அறுத்தாங்கண்ணே."

"இருக்காங்களா?"

"நான் வர்றப்ப நல்லாதான் இருந்தாங்க. அடுத்த வீட்டுச் சண்டைக்கெல்லாம் போவாங்க. இப்ப எப்படின்னு தெரியல. அண்ணே, நான் ஒண்ணு சொல்லட்டா? பேர விடுங்க, டாக்டர் சொல்றதக் கேளுங்க."

கடைசியில் சொன்ன அந்த ஒரு நல்ல வார்த்தை வைரக்கண்ணுவின் காதில் ஏறவே இல்லை. சரத்தான், சரத்தான் என்று சொல்லிக்கொண்டே சைக்கிளை மிதித்தார். உண்மையைச் சொன்னால், அவர் ஆபரேஷனுக்கு எதிராகவே பாதி மாறியிருந்தார். வெட்டினால் பரவிவிடும் என்று அவரும் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறார். அம்சத்தைக் கட்டாயப்படுத்திக் கூட்டிக்கொண்டு போய், அவள் சொன்னது போலவே ஆகிவிட்டால்? கூட்டிக்கொண்டு போகாமல் விட்டு, டாக்டர் சொன்னது போல ஆகிவிட்டால்? எந்தப் பக்கம் திரும்பினாலும் அம்சம் இல்லாத வீடுதான் கண்ணில் பட்டது. பயந்துபோய் நடுவழியில் சைக்கிளை நிறுத்திக் குடமுருட்டி ஆற்றுப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு எதுவும் ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வயலைப் பார்க்கப் போனார். வீட்டில் உட்கார்ந்திருந்தால் அதுவே ஒரு நோய் என்று அம்சமும் கூடவே வந்தாள். முதல் நாள் முறைத் தண்ணீர் வந்து வயல் நிறையக் கட்டியிருந்தது. காலையில் பார்த்தால் பயிரின் அடிமண் தெரிகிறது. கீழ்வயலில் களகளவென்று சத்தம். வரப்பில் ஒரு நண்டு வளை, அதன் வழியாக இவர்கள் வயல் தண்ணீரெல்லாம் அடுத்தவன் வயலுக்குப் பாய்ந்துகொண்டிருந்தது.

வைரக்கண்ணு ஒரு பூவரசங் குச்சியை ஒடித்து வளைக்குள் விட்டுக் குடைந்தார்.

"குச்சிய விடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? உள்ளதான் போவும்."

"அப்ப என்ன பண்ணச் சொல்ற, அப்படியே விட்டுடறதா? நாளைக்குள்ள வரப்பு பிச்சிக்கிட்டுப் போயிடும்."

இதை அவர் யோசித்துச் சொல்லவில்லை. தண்ணீர் போகிற ஆத்திரத்தில் வாயில் வந்தது. அம்சம் மம்பட்டியை அவர் தோளிலிருந்து வாங்கினாள். வளைக்கு இந்தப் பக்கம் ஒரு முழம், அந்தப் பக்கம் ஒரு முழம் விட்டு வரப்பை ஆழமாகக் கொத்தினாள். வளையைத் தொடவே இல்லை. நாலைந்து வெட்டில் மண் மொத்தமாகப் பெயர்ந்து வந்தது. பெயர்ந்த கட்டிக்குள்ளேயே, ஓடவும் வழியில்லாமல், ஒரு பெரிய நண்டு காலை மடக்கிக்கொண்டு இருந்தது. அதை எடுத்து வாய்க்காலில் வீசினாள். இரண்டு பேருமாகச் சேற்றை அள்ளிப் போட்டு, மிதித்து, வரப்பை மறுபடி அணைத்தார்கள்.

சேற்றுக் காலோடு நின்றுகொண்டிருந்த வைரக்கண்ணுவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு வாரமாக மூடியிருந்த மண்டையில் முதல் தடவையாகக் கொஞ்சம் வெளிச்சம்.

"அம்சம், இதத்தானே அந்த டாக்டரம்மாவும் செய்யப் போறாங்க? குடையப் போறதில்ல, காலப் புடிச்சி இழுக்கப் போறதில்ல. சுத்தி இருக்கறதோட சேத்து மொத்தமா எடுத்துடுவாங்க. ஓட எடம் ஏது?"

பெருமையாகத்தான் சொன்னார். இதற்கு மேல் ஒருத்தி என்ன பேச முடியும் என்று நினைத்தார். அம்சம் குனிந்து வாய்க்காலில் கையைக் கழுவினாள்.

"எனக்கும் தெரியும்ங்க. வரப்பு போச்சுன்னா சேத்த அள்ளி வச்சி மறுபடி கட்டிக்கலாம்" என்றாள். அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமல் வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாள்.

வந்த வெளிச்சம் போய்விட்டது. வரப்பை மறுபடி கட்டிக்கொள்ளலாம், சரி. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அவள் எதைச் சொல்லுகிறாள்? நண்டைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருந்தோம், இவள் ஏன் வரப்பைப் பற்றிப் பேசுகிறாள்? வைரக்கண்ணு அங்கேயே நின்று மகளுக்குப் போன் போட்டு, நடந்ததை ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

அம்மா கடைசியாகச் சொன்னதை எழில்மொழி இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு, "அப்பா, என்னத்த எடுக்கப் போறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"கட்டிய."

"கட்டிய மட்டும் இல்லப்பா. அந்தப் பக்கத்து மார முழுசா எடுக்கறாங்க. அம்மாகிட்ட அன்னிக்கே உள்ள வச்சி டாக்டர் சொல்லிட்டாங்க. நான் போன் பண்ணப்ப எங்கிட்டயும் சொன்னாங்க. உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோன்னு... எனக்கு எப்படிப்பா உங்ககிட்ட அதப் பேசறது?"

அந்த வீட்டில் அதுவரைக்கும் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. கட்டி என்றார்கள், அது என்றார்கள், அந்த இடம் என்றார்கள். கிரேக்கத்தில் என்ன பேர், அரபியில் என்ன பேர் என்று ஊரெல்லாம் சுற்றி விசாரித்தாகிவிட்டது. தமிழில் இரண்டே எழுத்து. அதைச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. வைரக்கண்ணு போனை அணைக்கவும் மறந்துபோய் வரப்பில் உட்கார்ந்தார். அப்பா, அப்பா என்று உள்ளே கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

அவருக்கு அம்சத்தின் மேல் இரக்கம் பொங்கியது. கூடவே தன் மேல் வெட்கமும் வந்தது. இவ்வளவு நாள் நண்டு நண்டு என்று அவள் பேசியதெல்லாம் என்ன பேச்சு, அந்தப் பேச்சை நம்பித் தான் சைக்கிளில் அலைந்தது என்ன அலைச்சல். பேசிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் வீட்டுக்குப் போனார். போனால் பேச வரவில்லை. முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர்கள் பேசாத விஷயம் அது. இருந்தது, பேசவேண்டிய அவசியம் வரவில்லை. எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது? அன்றைக்கும் மறுநாளும் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே அவருடைய நேரம் போனது.

செவ்வாய்க்கிழமை காலையில் அம்சமே புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். "வாங்க, தஞ்சாவூருக்குப் போயி அந்த டாக்டர்கிட்ட நேர்ல சொல்லிட்டு வந்துடுவோம். பாவம், நமக்குன்னு நாள ஒதுக்கி வச்சிருக்கும். சொல்லாமக் கொள்ளாம இருந்தா மரியாதையா இருக்காது."

பஸ் நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. தூங்குமூஞ்சி மரத்தடியில் இரண்டு பேரும் நின்றார்கள். பஸ் வந்துவிட்டால் அப்புறம் பேச முடியாது, டாக்டரிடம் போய் இவள் முடியாது என்று சொல்லிவிட்டால் அப்புறம் பேசியும் பிரயோசனமில்லை. வைரக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எழிலு சொன்னா" என்றார்.

"என்னத்த?"

"முழுசா எடுக்கறாங்கன்னு."

அம்சம் ரோட்டின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு மணல் லாரி போனது. அதன் புழுதி அடங்குகிற வரைக்கும் அவள் திரும்பவில்லை.

"படித்துறையில நாலு பொம்பளைங்க பாப்பாங்க. பாத்துட்டுப் போறாங்க. அவங்களுக்கும் ஏதாவது பேச வேணுமில்ல" என்றாள். பிறகு குரல் இறங்கிப்போனது. "நீங்க பாப்பீங்களே. பாக்கறப்ப உங்களுக்கு ஒரு மாதிரியா இருக்காதா?"

இருக்காது என்று சொல்லிவிட்டிருக்கலாம். நல்ல மனுஷன் என்று பேர் கிடைத்திருக்கும், அம்சமும் அதை நம்பாமல் பேசாமல் இருந்திருப்பாள். வைரக்கண்ணு அப்படி அலங்காரமாகப் பேசுகிற நிலையில் இல்லை. எட்டு நாளாகக் குழம்பிக் குழம்பி மூளை ஓய்ந்துபோயிருந்தது. கைக்கு எட்டியது உண்மை ஒன்றுதான். அதை எடுத்துச் சொன்னார்.

"இருக்கும். கொஞ்ச நாளைக்கு ஒரு மாதிரியாத்தான் இருக்கும். அப்பறம் எனக்குப் பழகிடும் அம்சம். நீ இல்லாமப் போனா, அது எனக்குப் பழகாது."

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று பயம் வந்தது. பஸ் வந்தது. அவள் முன்னால் ஏறிப் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள், இவர் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தஞ்சாவூர் வரைக்கும் அவளுடைய பின்கொண்டையைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கோபமா, அழுகையா, ஒன்றுமே இல்லையா என்று அதைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

டாக்டர் நிலோஃபரின் அறையில் இந்தத் தடவை வைரக்கண்ணுவும் உள்ளே போனார். அம்சம்தான் கையைப் பிடித்து, "வாங்க" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னம்மா, வியாழக்கிழமை வர்றீங்கல்ல?" என்று டாக்டர் கேட்டார்.

இதோ, முடியாது என்று சொல்லப் போகிறாள். வைரக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டார்.

"வியாழக்கிழமை நவமிங்கம்மா" என்றாள் அம்சம். "வெள்ளிக்கிழமை வச்சிக்கலாங்களா?"

வைரக்கண்ணு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வரமாட்டேன் என்று எட்டு நாளாக ஒற்றைக் காலில் நின்றவள், வியாழக்கிழமை நவமி என்று எப்போது காலண்டரைப் பார்த்தாள்? எதற்காகப் பார்த்தாள்? அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. பிடித்த கையை மட்டும் இன்னும் விடாமல் வைத்திருந்தாள்.

டாக்டர் மேசையில் இருந்த காலண்டரைப் புரட்டிப் பார்த்தார். "சரிம்மா, வெள்ளிக்கிழமை காலையில வெறும் வயித்தோட வாங்க" என்றார்.